குனிங்க சாருக்கு வந்த சம்பந்தம்

தென்னாற்காடு ஜில்லாவிலேயே அதிகமான மனிதர்களைத் தலைகுனிய வைத்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு எங்கள் குனிங்க சாருக்குத்தான். இரண்டாம் பரிசுக்கு ஆளே தேறாது. போலீஸ்காரர், கரும்புத் தோட்டத்துப் பெரிய மனிதர், புது மாப்பிள்ளை, பட்டுப்புடவை அத்தை என்று சகலரும் அவர் முன்னால் குனிந்திருக்கிறார்கள். யாரையும் அவர் அவமானப்படுத்தியதில்லை. தரையில் போகும் ஒரு பூச்சியைப் பார்ப்பதற்காகத்தான் அவ்வளவு குனிதலும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எதிரே யார் வந்தாலும் முதல் வார்த்தை "குனிங்க" என்பதால், மலை முழுக்க அவர் குனிங்க சார் ஆகிவிட்டார்.

அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரெல்லாம் ஆகவில்லை. அங்கிருந்து பஸ் பிடித்துக் கல்வராயன் மலைக்கு ஏறினால், வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பள்ளிக்கூடம். அவர் அறிவியல் வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். இரண்டு பிரம்மச்சாரிகளுக்கும் சேர்த்து ஒரே வீடு கொடுத்திருந்தார்கள். அது எண்பதுகளின் பின்பாதி. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கீழேயிருந்து ஜனங்கள் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு அருவி பார்க்க வருவார்கள். அருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின் முனையில் இவர் நிற்பார். கையில் கறுப்புக் குடை. அதை மழைக்குப் பிடித்து நான் பார்த்ததில்லை. தலைகீழாக விரித்துப் புதருக்கு அடியில் நீட்டுவார். கம்பால் கிளையை இரண்டு தட்டு தட்டுவார். பொலபொலவென்று ஒரு ஊர் ஜனமே குடைக்குள் வந்து விழும். அதில் பச்சை, சிவப்பு, கறுப்பு, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவது, குச்சி மாதிரி கிடந்துவிட்டுத் திடீரென்று நடப்பது எல்லாம் இருக்கும். வந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு நழுவப் பார்ப்பார்கள். அங்கேதான் சட்டம் பேசுவார்.

"தொட்டுப் பாக்காம பாத்தேன்னு சொல்லக் கூடாதுங்க. கைய நீட்டுங்க, அதுவா ஏறும்."

அடுத்தது வளையல். பையிலிருந்து ஆளுக்கொரு கண்ணாடி வளையலை எடுத்துக் கொடுப்பார். கண்ணை மூடிக்கொண்டு அதைப் புல்லில் வீச வேண்டும். விழுந்த இடத்தில் குந்தி, வளையலுக்குள் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். முதலில் எல்லோரும் "ஒண்ணியும் காணமே" என்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் "தோ, ஒண்ணு ஓடுது" என்பார். பிறகு அந்த வளையலுக்குள்ளிருந்து அவரை எழுப்ப ஆள் விட வேண்டியிருக்கும். அருவி அதுபாட்டுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருக்கும். அதைத் திரும்பிப் பார்க்காமலே கடைசி பஸ்ஸில் ஏறிய குடும்பங்கள் உண்டு.

ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் பரிவாரத்தோடு வந்தார். எந்த இலாகா என்பது இங்கே வேண்டாம். ஒரு வண்டு குழி தோண்டுவதைப் பார்க்கக் குனிங்க சார் அவரையும் குனிய வைத்தார். குனிந்த அதிகாரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. அப்படியே மடித்த நிலையில் ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றினார்கள். எங்கள் தலைமையாசிரியர் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினார். அதிகாரியோ ஜீப்புக்குள்ளிருந்து, அந்த வண்டு குழியை மூடிவிட்டதா இல்லையா என்று பார்த்துச் சொல்லச் சொல்லி டவாலியை அனுப்பினார்.

இவ்வளவு தெரிந்தவருக்குப் பூச்சிகளின் பெயர் தெரியாது. விலங்கியல் படித்தவர்தான். லத்தீன் பெயர்களையெல்லாம் பரீட்சை ஹாலிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். அதனால் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்டார். தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது எங்கள் தலைமையாசிரியர். புல் தண்டில் வெள்ளை நுரைக்குள் உட்கார்ந்திருப்பது கள்ளக்குறிச்சி சலூன்காரர். குச்சி குச்சியாக ஒட்டிக் கட்டிய கூட்டைத் தூக்கிக்கொண்டே போகும் புழு, டிரான்ஸ்ஃபர் ஆன வாத்தியார். யாராவது கிட்டே வந்தாலே செத்த மாதிரி மல்லாந்துவிடும் ஒரு வண்டு உண்டு. அதற்கு என் பெயர். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் கூப்பிட்டால் நான் தூங்குவதாகப் பாசாங்கு செய்வேன், அதனால்.

நான் பாசாங்கு செய்யாமல் என்ன செய்வேன்? அவரோடு குடித்தனம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும். அடுப்பு பற்ற வைக்கத் தீப்பெட்டியைத் திறந்தால் உள்ளே சிலந்தி முறைக்கும். தண்ணீர் குடிக்கும் முன் டம்ளருக்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். என் உப்பு ஜாடியில் ஒரு கூட்டுப்புழு பட்டாம்பூச்சி ஆகும்வரை நாங்கள் உப்பில்லாமல் சாப்பிட்டோம். எனக்குப் பூச்சி என்றாலே உடம்பெல்லாம் அரிக்கும். இவருக்கு ஒரு கல்யாணம் ஆகித் தனி வீடு போனால்தான் எனக்கு விமோசனம் என்று தெரிந்தது. தரகருக்குச் சொல்லி வைத்ததே நான்தான்.

அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போயின. ஒரு பெண் வீட்டார் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் விசாரிக்கப் போக, வளையல் கடைக்காரர் வெள்ளந்தியாக, "தங்கமான மனுசன்ங்க, மாசாமாசம் டஜன் கணக்குல வளையல் வாங்கினு போவாரு" என்று நல்ல சாட்சி சொல்லிவிட்டார். கல்லில் விழுந்து உடைகிற வளையல்களுக்குப் பதில் வாங்குகிறார் என்று பெண் வீட்டாருக்கு யார் எடுத்துச் சொல்வது? அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார்கள். வெளியே சிரிப்பாரே தவிர, அந்த வரன் தட்டிப்போன அன்று அவர் குடையை எடுக்கவே இல்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் நைனார்பாளையத்துச் சம்பந்தம் வந்தது. விவசாயக் குடும்பம். பெண் முப்பதைத் தாண்டியவர். சொந்தமாகத் தையல் மெஷின் போட்டு, அந்த வட்டாரத்துக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் காலூன்றி நிற்கிறவர். அவருக்கும் நாலைந்து இடம் அமையாமல் போயிருந்தது. மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருகிறோம், அருவியையும் பார்த்த மாதிரி ஆச்சு, பெண்ணையும் கூட்டிக்கொண்டே வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவும் போனால் இனிமேல் இந்த மலையில் தன் செருப்பு தேயாது என்று தரகர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் குனிங்க சாரைச் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். அன்றைக்கு முழுக்கப் பூச்சி கிடையாது, குடை கிடையாது, அந்த வார்த்தை வாயிலேயே வரக்கூடாது. வளையல்களை நானே வாங்கி என் டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். அவர் சாதுவாகத் தலையாட்டினார்.

காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, பெண், தாய்மாமன். முடிவு செய்கிறவர் தாய்மாமன்தான் என்பது அவர் மீசையிலேயே தெரிந்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் வேலை. மனிதர்களையும் ஏற இறங்கப் பார்த்து எடை போட்டே பழகியவர். குனிங்க சாரைப் பார்த்துவிட்டு, கம்மி என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

குனிங்க சார் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதில்தான் வினை. பூச்சியைத் தவிர அவருக்குப் பேச விஷயமே இல்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெண்ணின் அப்பா என்னைத் தனியே அழைத்துப்போய், மாப்பிள்ளைக்கு வாய் வருமா வராதா என்று கவலையோடு விசாரித்தார். நான் ஓடிப்போய், எதையாவது பேசித் தொலையுங்கள் என்று கிசுகிசுத்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாய்மாமனிடம் திரும்பினார்.

"உங்க ஊர்ல மழை எப்டிங்க?"

"பேஞ்சிது."

"நின்னுடுச்சிங்களா?"

"நின்னுடுச்சி."

அத்தோடு பேச்சும் நின்றுவிட்டது. இரண்டு மணி பஸ் வந்தால் இந்தச் சம்பந்தமும் அதிலேயே ஏறிப் போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

இரண்டு மணி பஸ் வரவில்லை. மூன்று மணிக்கும் வரவில்லை. கீழே சந்தைக்குப் போனவர் ஒருவர் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தே ஏறி வந்தார். சாலையில் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு மறியல் நடக்கிறது, பஸ் லாரி ஒன்றும் ஓடவில்லை, எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது என்றார். மறியல் மறுநாள்தான் என்று நம்பி இவர்கள் கிளம்பி வந்திருக்கிறார்கள். அந்த வருஷங்களில் சிரிக்க முடியாத சங்கதிகளும் எங்கள் பக்கம் நடந்தன. ஒதுக்கீடு கேட்டவர்களுக்கு அவர்கள் நியாயம் இருந்தது. அதையெல்லாம் எழுதத் தகுதியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்கு இருந்த கவலை, வந்தவர்களின் வயிறு.

ஏனென்றால் அவர்கள் எங்கள் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. இலையில் உட்கார்ந்துவிட்டால் பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பஸ்ஸிலேயே தீர்த்துவிட்டார்கள். டீக்கடையில் இருந்த பொறை ரொட்டியைத் தாய்மாமன் ஒருவரே முடித்துவிட்டார். லாரி வராததால் கடையும் சாத்தியாகிவிட்டது. என் சமையலறையில் கொஞ்சம் அரிசியும் பூசணிக்காயும் இருந்தன. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் நெருக்குகிற மாதிரி ஆகிவிடும்.

பசி ஏற ஏறத் தாய்மாமனின் முகம் கடுகடுத்தது. மரத்தடிப் பாறையில் உட்கார்ந்து, இந்தக் காட்டுக்குள் பெண்ணைக் கொடுத்தால் நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எப்படி வந்து சேர்வது என்று அக்காள் புருஷனிடம் காது கேட்கவே சொன்னார். சொல்லிக்கொண்டே வேட்டியில் ஒட்டியிருந்த ஒரு முள்ளைத் தட்டிவிடக் கையை ஓங்கினார்.

குனிங்க சார் பாய்ந்து அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. தாய்மாமனின் கையைப் பிடிக்க அவர் ஊரில் ஆள் பிறந்திருக்காது. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அடிச்சிடாதீங்க ஐயா," என்றார் குனிங்க சார். "அது முள்ளு இல்லீங்க. முள்ளு மாதிரி வேசம் கட்டிக்கினு குந்தினு இருக்குது. கொஞ்சம் குனிங்க."

சத்தியம் காற்றில் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் தாய்மாமன் தன் தொடையைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது," என்றார் மெதுவாக. "முள்ளு நடக்குது."

அதற்கப்புறம் யாரும் யாரையும் தடுக்க முடியவில்லை. என் பெட்டியை நானே திறந்து வளையல்களைக் கொடுத்தேன். குடை வந்தது. பெண்ணின் அம்மா வளையலுக்குள் சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டினாற்போல ஒரு பூச்சியைக் கண்டுபிடித்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். பெண்ணின் அப்பா, நாற்பது வருஷமாக உழுத மண்ணில் இவ்வளவு பேர் குடியிருப்பது தனக்குத் தெரியாமல் போச்சே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் குப்புறப் படுத்தேவிட்டார். புனல் மாதிரி குழி தோண்டி, அடியில் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டு, மேலே போகிற எறும்பு சறுக்கி விழக் காத்திருக்கும் ஒரு பூச்சியைக் காட்டினார் குனிங்க சார்.

"இதுக்கு இன்னா சார் பேரு?" என்று தாய்மாமன் கேட்டார்.

"நெசப் பேரு தெரியாதுங்க. நான் தரகர்னு வெச்சிருக்கேன்."

தாய்மாமன் சிரித்த சிரிப்பில் குழியே சரிந்துவிட்டது. தரையைப் பார்த்து, மன்னிச்சிக்கப்பா என்று அந்தப் பூச்சியிடம் மன்னிப்பும் கேட்டார். பிறகு தன் வேட்டியில் இருந்த முள்ளுக்கு என்ன பெயர் என்றார். அதற்கு அதுவரை பெயர் இல்லை. குனிங்க சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமாங்க" என்றார். வெளியே முள்ளாகத் தெரிந்தாலும் தொட்டால் குத்தாது என்று விளக்கமும் கொடுத்தார். மீசைக்காரருக்கு வெட்கமே வந்துவிட்டது. வெல்வெட் பூச்சிக்குப் பெண்ணின் அம்மா பெயர். ஒரு கொம்பு வண்டுக்கு அப்பா பெயர். பசி என்ற ஒன்று இருப்பதையே அவர்கள் மறந்துபோனார்கள்.

ஒருவர் மட்டும் குனியவில்லை. அந்தப் பெண். வளையலைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் அதை எறியாமல் நின்றிருந்தார். குடைக்குள் எட்டிப் பார்த்தார், தொட்டும் பார்த்தார், வாய் திறக்கவில்லை.

பொழுது சாயும்போது தூறல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். நான் நைசாக உலை வைத்திருந்தேன். பூசணிக்காய்க் குழம்பின் வாசனை வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மறியல் எப்போது முடியும் என்று தெரியாது. மலையை இருட்டில் இறங்கவும் முடியாது. இனிமேல் ஒன்று பட்டினி, இல்லாவிட்டால் சம்மதம். தாய்மாமன் வாசனை வந்த பக்கம் பார்த்துவிட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பெண்ணைக் கேட்டுவிடுங்கள் என்றார். அப்பா பெண்ணைப் பார்த்தார்.

"காலைலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன் நைனா," என்றார் அந்தப் பெண். குரல் உயரவில்லை. "கண்ணுல பட்ட பூச்சிக்கெல்லாம் பேரு வெக்கிறாரு. மாமாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. எம்பேரு இன்னான்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பேர்ப்பட்ட வூட்டுக்கு நான் வந்து இன்னா பண்ணப் போறேன்?"

அந்தப் பெண் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. வாழ்க்கை பூராவும் துணைக்கு வரப்போகிறவரின் பெயரைக் கேட்காமல் ஒரு மனிதன் பொழுது சாயும்வரை மணலில் தவழ்ந்திருக்கிறான். எல்லோரும் குனிங்க சாரைப் பார்த்தோம். வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"கேக்கணும்னுதாங்க இருந்துச்சி," என்றார். "பயம். எனக்கு வாய் நிக்காதுங்க. ஒரு பேரு தெரிஞ்சா, அழகா ஒண்ணு கண்ணுல பட்டதும் தூக்கி அதுக்கு வெச்சிடுவேன். உங்க பேர அப்டி எதுக்கும் வெச்சிடக் கூடாதுன்னு தோணிச்சி. அது உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்னு கேக்காமலே இருந்துட்டேன்."

முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "இப்பக் கேக்கலாங்களா?" என்றார்.

அந்தப் பெண் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. கல்வராயன் மலையில் ஓடுவது, ஊர்வது, பறப்பது எதற்கும் அந்தப் பெயரை அவர் இன்றுவரை வைக்கவில்லை. நான் மட்டும் அச்சில் போட்டுப் பத்து பேர் வாயில் விழ வைப்பானேன்?

"சோறு ஆறுது," என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு முதல் இலையில் உட்கார்ந்தது அந்தப் பெண்தான்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தாய்மாமன் இரண்டாவது இலையில் சம்மணம் போட்டார். "மாப்ள, நீயும் குந்துப்பா" என்றார். மாப்பிள்ளை உட்கார மறுத்து, குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி விசாரித்தார். பாதிக் குழம்பு தரையில் போனது. பெண்ணின் அம்மா ஒரு கையில் வெல்வெட் பூச்சியை மூடிவைத்துக்கொண்டே மறு கையால் சாப்பிட்டார். மாப்பிள்ளையையும் வலுக்கட்டாயமாக உட்கார வைத்து நான்தான் கடைசிப் பிடியைப் பரிமாறினேன். பானையை வழித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு பருக்கை இல்லை.

அன்றைக்கு வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தேன். டம்ளருக்குள் டார்ச் அடித்துப் பார்க்கவும் தோன்றவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் பட்டினி கிடந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.